தண்டவாளத்தில் இறங்கிய எமதர்மன்!

2019-ம் ஆண்டு நவம்பர் மாதம். மும்பையில் மேற்கு ரெயில்வேயின் புறநகர் தண்டவாளத்தில் எமதர்மன் வந்து நின்றார்! மேம்பாலப் படி ஏறச் சோம்பல்பட்டு, தண்டவாளத்தைத் தாண்டியவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டுபோனார். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அது ரெயில்வேயே ஏற்பாடு செய்த எமன் வேடம். உயிரை எடுப்பதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு!

எமனைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருவது எப்போதிருந்து?

பயமுறுத்திய நரகம்

பாகவத புராணம் 28 நரகங்களைச் சொல்கிறது. கும்பீபாகத்தில் பாவிகளைக் கொதிக்கும் எண்ணெயில் போடுவார்களாம். கருட புராணத்திலும் எமலோக தண்டனைகள் உண்டு. அதைச் சாவு வீட்டில்தான் படிப்பார்கள்.

திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊரில் சத்தியவான் சாவித்திரி தெருக்கூத்து போட்டார்கள். எமன் வேடக்காரர் உறுமிக்கொண்டு வந்ததும், சிறுவனாக இருந்த நான் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். விடியும்வரை வெளியே வரவில்லை.

சிரிக்கவைத்த நரகம்

சினிமா இதை மாற்றியது. 1958-ல் ஒரு வங்காளப் படத்தில், சாகாத மனிதன் ஒருவன் எமலோகத்துக்குப் போய் அங்கே கலாட்டா செய்தான். 1960-ல் தமிழில் தங்கவேலு நடித்த 'நான் கண்ட சொர்க்கம்' வந்தது. 1977-ல் தெலுங்கு 'யமகோலா'வில் என்.டி.ராமராவ் நரகத்து வேலைக்காரர்களைத் திரட்டிப் போராட்டமே நடத்தினார்! அது இந்தியில் 'லோக் பர்லோக்' (1979) ஆனது. தமிழில் சிவாஜி நடித்த 'எமனுக்கு எமன்' (1980) ஆனது.

1995-ல் 'லக்கிமேன்' படத்தில் கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன். கேட்கவேண்டுமா! எமலோகத்துப் புத்தகமே தொலைந்து பூமியில் விழுந்துவிடுகிறது.

ஏன் சிரித்தோம்? நரகம் ஒரு ஆபீஸ் ஆகிவிட்டது. அங்கேயும் பேரேடு உண்டு, தப்புப் பதிவு உண்டு, மேலதிகாரியின் திட்டு உண்டு. நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் புரியாதா?

சித்திரகுப்தனுக்குக் காஞ்சீபுரத்தில் கோவிலே இருக்கிறது. வடக்கே தீபாவளியை ஒட்டி, காயஸ்தர்கள் பேனாவும் மையும் வைத்து அவரைக் கும்பிடுகிறார்கள்.

திரும்பி வர முடியுமா?

ஆனால் இந்தப் படங்கள் ஒரு ஆசையையும் காட்டிவிட்டன. ரஜினி நடித்த 'அதிசயப் பிறவி'யில் (1990), காலம் முடியாதவனைத் தவறுதலாக எமலோகம் கொண்டுபோய், மறுபடியும் பூமிக்கு அனுப்புகிறார்கள். கணக்கு தவறினால் திருத்திக் கொள்ளலாம்!

நான் ரெயில்வே குமாஸ்தா. நானும் ஒரு காலத்தில் தண்டவாளத்தைத் தாண்டியவன்தான். நாலு நிமிடம் மிச்சம். ஒருநாள் காலை எனக்கு முன்னால் இறங்கியவர் வீடு திரும்பவில்லை. ஜல்லியில் அவருடைய சாப்பாட்டு டப்பா கிடந்தது. மூடிகூடத் திறக்கவில்லை. அன்றிலிருந்து நான் படி ஏறுகிறேன்.

தண்டவாளத்தைத் தாண்டுவது குற்றம். ரெயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம்வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்த அபராதத்தைக் கட்டிவிட்டாவது வீட்டுக்குப் போகலாம்.

சினிமா எமன் ஆளைத் திருப்பி அனுப்புவார். தண்டவாளத்து எமனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அண்ணாச்சி, அடுத்த வண்டி நாலு நிமிடத்தில் வரும். மேம்பாலத்திலேயே போங்கள்!