அண்ணனைச் சாப்பிடலாமா?

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் தோன்றியது. அதன் பள்ளிகளில் ஒன்று புசா ரோட்டில் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். மூன்றும் முட்டிக்கொள்ளும் ஒரு வினைச்சொல் உண்டு: ஹேவ்.

அதற்கு நேரான சொல் தமிழில் கிடையாது. 'எனக்கு இரண்டு அண்ணன் இருக்காங்க', 'என்கிட்ட பணம் இருக்கு', 'எனக்குக் காய்ச்சல்' என்கிறோம். இருப்பது அண்ணனும் பணமும்தான். நாம் ஓரமாக நிற்கிறோம். இந்தியும் இந்த விஷயத்தில் நம் கட்சி: பணத்துக்கு 'மேரே பாஸ்', காய்ச்சலுக்கு 'முஜே'. ஆங்கிலம்தான் 'நான்' என்பவரை முன்னால் நிறுத்தி, அண்ணன், பணம், காய்ச்சல் எல்லாவற்றையும் ஒரே ஹேவில் மூட்டை கட்டுகிறது.

அப்படியானால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று நம்மில் பலர் சொல்வது எங்கிருந்து வந்தது? 'கையில என்ன வச்சிருக்கே?' என்று கேட்கிறோமே, அதற்குப் பதிலாக வரும் 'வச்சிருக்கேன்' என்பதில் ஒட்டியிருக்கும் 'இருக்கேன்'தான் 'ஆம்' ஆகிவிடுகிறது என்பது என் ஊகம்.

ஆங்கிலக் காதுக்கோ ஹேவிங் என்றால் ஏதோ நடந்துகொண்டிருக்க வேண்டும். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி. லஞ்ச் இருந்த இடத்தில் பிரதர்ஸ் வந்தால் அண்ணன்மார் தட்டில் கிடப்பார்கள். 'ஐ ஆம் ஹேவிங் எ பேபி' என்றால் பிள்ளை பிறக்கப் போகிறது என்று பொருள். பள்ளிச் சேர்க்கைக்கு வந்த அப்பா சொல்லக்கூடிய வாக்கியம் அல்ல.

சோதிக்கத் தமிழே போதும். 'கொண்டிருக்கிறேன்' போட்டுப் பாருங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' பொருந்துகிறது, ஹேவிங் போடலாம். 'எனக்கு அண்ணன் இருந்துகொண்டிருக்கிறான்' என்றால் பாட்டியே சிரிப்பாள்; அங்கே வெறும் ஹேவ். அவன், அவள் வந்தால் ஹேஸ். ஆனால் டஸ் முன்னால் வந்துவிட்டால் மறுபடி ஹேவ்தான்.

லவ்வும் இதே சாதி. ஆனாலும் 'ஐ ஆம் லவிங் இட்' என்று மெக்டொனால்ட்ஸ் 2003 முதல் விளம்பரம் செய்கிறது. விளம்பரக்காரருக்குக் கிடைக்கும் மன்னிப்பு வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குக் கிடைக்காது.

புசா ரோட்டை ஒட்டிய ராஜிந்தர் நகரில் ஐ.ஏ.எஸ். கனவோடு தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்று சொல்லுங்கள். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியிருந்தால் நேர்முகத் தேர்விலும் தமிழிலேயே பேசலாம்.