இரும்பில் குத்திய விலாசம்

நேமத்தான்பட்டி முதலிய நகரத்தார் ஊர்களில், பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு எழுப்பிய பெரிய வீடுகளின் பக்கத்தே ஒரு கார் கொட்டகையும், அதனுள்ளே தார்ப்பாய் போர்த்திய பழைய மோட்டார் ஒன்றும் இருக்குமாயின், வீட்டார் அதைத் 'தாத்தா காலத்து ஃபோர்டு' என்று சொல்வதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்கள். அது எந்த வருஷத்தது, எந்தத் தேசத்துத் தொழிற்சாலையில் உருவானது, உள்ளே இருப்பது வண்டியோடு வந்த எஞ்சின்தானா அல்லது பிற்காலத்தில் புகுந்ததா என்னும் வினாக்களுக்கு விடை காண வேண்டுமானால், எண்ணெய்ப் பிசுக்கின் கீழே மறைந்து கிடக்கும் ஓர் எண்வரிசையைத்தான் முதலில் தேட வேண்டும்.

எஞ்சினில் இருவகை எழுத்துக்கள் உண்டு. மணலச்சில் உருகிய இரும்பை ஊற்றியபோதே உண்டாகி, மேலே புடைத்து நிற்பவை வார்ப்பெண்கள். ஒரே மாதிரியைக் கொண்டு வார்த்த ஆயிரம் எஞ்சின்களுக்கும் அவை பொதுவானவை. பூர்த்தியான எஞ்சினின் மேல் உளியெழுத்தால் குழிவாகக் குத்தப்படுவதே வரிசை எண். செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பாத்திரங்களின் மேல் வெட்டியிருக்கும் விலாச எழுத்தைப் போல, அது இன்னதற்கு உரியது என்று ஒன்றை மட்டுமே சுட்டும்.

இக்கலையைப் பயில ஃபோர்டு 'ஏ' மாடலைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. 1927 அக்டோபர் 20-ஆம் தேதியன்று ஏ1 என்ற எண்ணோடு அதன் வரிசை தொடங்கிற்று. எஞ்சினின் இடப்புறத்தில், தண்ணீர் உட்புகும் குழாய்வாய்க்கு மேலே உள்ள சிறு மேடையில், இரு முனைகளிலும் நட்சத்திரக் குறியோடு அந்த எண் காணப்படும். அதே எண்ணைச் சேஸிஸின் இடது நெடுஞ்சட்டத்தின் மேலும் குத்தி, அதன்மேல் உடற்கூட்டை ஏற்றிவிட்டபடியால், சட்டத்திலுள்ள எண்ணைப் படிக்க வேண்டுமானால் கூட்டைத் தூக்கியாக வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் எஞ்சின் வண்டியோடு வந்ததே என்று கொள்ளலாம்.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துக்களே மிகவும் சுவாரஸ்யமானவை. வெறும் 'ஏ' எனில் அமெரிக்கா. 'சிஏ' எனில் கனடா. 'ஏஎஃப்' எனில் இங்கிலாந்துக்கென்று செய்த சிறிய எஞ்சின். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் குடியேற்ற நாடுகளுக்கு வண்டிகளை அனுப்பும் உரிமை கனடா கம்பெனிக்கே இருந்ததாலும், 1926-இல் பம்பாயில் ஏற்பட்ட இந்தியக் கிளை அதற்கே உட்பட்டிருந்ததாலும், நம் பக்கத்தில் 'சிஏ' என்ற முன்னெழுத்தைக் கண்டால் வியக்க வேண்டியதில்லை. அமெரிக்க வரிசையின் வருஷ அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கனடா எண்ணுக்குத் தேதி சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் கணக்கு எப்படிச் சரியாகும்?

இங்கிலாந்துக்கு மட்டும் தனி எஞ்சின் எதற்கு? அக்காலத்தில் அங்கே குதிரைசக்திக்கு ஒரு பவுன் வீதம் வருஷாந்தர வரி விதித்தார்கள். அந்தக் குதிரைசக்தியையோ ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, தன்னாலேயே பெருக்கி, சிலிண்டர்களின் தொகையாலும் பெருக்கி, இரண்டரையால் வகுத்தார்கள். 'ஏ' மாடலின் விட்டம் 3⅞ அங்குலம், சிலிண்டர்கள் நான்கு. கணக்கிட்டால் 24 வரும். உண்மையில் அந்த எஞ்சின் தந்தது 40 குதிரைசக்தி! ஆயினும் வரிக்குக் கணக்கு 24 தானாகையால், விட்டத்தைச் சுமார் 3 அங்குலமாகக் குறுக்கி, 14.9 என்று கணக்கு வருமாறு ஏஎஃப் எஞ்சினை அமைத்தார்கள். வரிச்சட்டம் ஒன்று இரும்பின் அளவையே மாற்றிவிட்ட இந்த விந்தைக்கு இரண்டு எழுத்துக்கள் சாட்சியாக நிற்கின்றன.

பின்னாளைய பிரிட்டிஷ் எஞ்சின்களில், அதாவது ஆஸ்டினும் மாரிஸும் 1952-இல் ஒன்றிய பின் வந்தவற்றில், 1957 முதற்கொண்டு முன்னெழுத்து இன்னும் விரிவாகப் பேசும்: 15 எனில் 1500 சி.சி. வகை, அடுத்த எழுத்து எந்தப் பெயரில் விற்ற கார் என்பதைக் குறிக்கும், கடைசியில் நிற்கும் 'ஹெச்' அல்லது 'எல்' அமுக்க விகிதம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைச் சொல்லும். நம் அம்பாசிடருக்கு வெகுகாலம் உழைத்த 1489 சி.சி. எஞ்சினும் இந்தக் குடும்பத்ததே.

எண்ணைப் படிக்க அவசரம் கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிசுக்கை ஊறவைத்துத் துடைக்க வேண்டுமேயன்றி, உப்புத்தாளோ அரமோ இரும்பின்மேல் படவே கூடாது. தேய்த்த தடம் இருந்தால் திருத்திய எண் என்ற சந்தேகத்துக்கு நாமே இடங்கொடுத்தவர்களாவோம். துடைத்தபின் மெல்லிய காகிதத்தை வைத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் அச்செடுத்துக் கொடுப்பார்களே, அதே முறையில் எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடலாம். மாறுபட்டிருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்டுவது நியாயமன்று. பெட்ரோல் செலவுக்கு அஞ்சியோ, உதிரிப் பாகம் அகப்படாமலோ, எஞ்சினையே மாற்றிக்கொண்டு வண்டியை ஓடவைத்த சாமர்த்தியம் நம் நாட்டில் சாதாரணமானது. அப்படிப்பட்ட வண்டியை நான் குறைவாக மதிக்கமாட்டேன். ஆனால் அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதாகச் சொல்லி விலை கேட்பவரை மதிக்கமாட்டேன்.

முன்னெழுத்து அழிந்து எண் மட்டும் தெரியும் 'ஏ' மாடலிலும், அது இங்கிலாந்துக்கான சிறிய எஞ்சினா அல்லவா என்று அறிய வழி இல்லாமலில்லை. அதன் வால்வுகள் பக்கவாட்டில் இருப்பதால் சிலிண்டர் தலையைக் கழற்றுவது எளிய வேலை. கழற்றியதும் உள்விட்டத்தை அளந்தால், மறுபோர் போட்டதனால் சற்றே பெருத்திருந்தபோதிலும், நான்கங்குலத்தை ஒட்டியதா மூன்றங்குலத்தை ஒட்டியதா என்பதில் ஐயம் எழாது.