புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களின் நீண்டகாலப் பராமரிப்பு

புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களின் நீண்டகாலப் பராமரிப்பு என்பது, அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை முடிந்த பின் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படும் பரிசோதனை, மருந்து, உடற்பயிற்சி, மனநலம், செலவு, துணை ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடுவதாகும். இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் அதிகம் காணப்படுவதால், இக்கட்டுரை அவ்விரண்டையும் முதன்மையாகக் கொள்கிறது.

பின்னணி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது முயற்சியால் 1954-இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அக்காலத்தில் உயிர் பிழைப்பதே பெரிய கேள்வியாக இருந்தது. சிகிச்சை முன்னேறி, பிழைத்து வாழ்வோர் பெருகியபின், அடுத்த பத்து இருபது ஆண்டுகளை எப்படிக் கவனிப்பது என்ற கேள்வி எழுந்தது. 2005-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் எழுத்து வடிவில் ஒரு பராமரிப்புத் திட்டம் தரப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

திட்டத்தில் இடம்பெற வேண்டியவை

1. சிகிச்சைச் சுருக்கம்: நோயின் வகை, நிலை, அறுவை சிகிச்சை நடந்த நாள், செலுத்திய மருந்துகள், கதிர்வீச்சு பெற்ற இடம் ஆகியவை ஒரே தாளில் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவரைப் பார்க்க நேரும்போது இத்தாளே வழிகாட்டும். டாக்சோரூபிசின் போன்ற சில மருந்துகள் பின்னாளில் இதயத்தைப் பாதிக்கக்கூடும். அம்மருந்து செலுத்தப்பட்டதை அறிந்தால்தான் மூச்சிரைப்பின் காரணத்தை மருத்துவர் சரியாகத் தேட முடியும்.

2. பரிசோதனை அட்டவணை: மார்பகப் புற்றுநோய்க்குப் பின் முதல் மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவரைப் பார்ப்பது பொது வழக்கம். எஞ்சியுள்ள மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் தேவை. அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

3. மாத்திரை: ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிபென் 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் தரப்படுகிறது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். இம்மாத்திரை உண்ணும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு ஏற்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லெட்ரோசோல் உண்பவர்களுக்கு எலும்பு வலுவிழக்கலாம் என்பதால் எலும்பு அடர்த்திச் சோதனை அவசியம்.

4. பின்விளைவுகள்: அக்குளில் நெறிகட்டிகள் அகற்றப்பட்டவர்களுக்குக் கை வீங்கக்கூடும். களையெடுப்பு, தறி வேலை, குடம் சுமத்தல் ஆகியவற்றைச் செய்யும் பெண்கள் அக்கையில் வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பும் காய்ச்சலும் வந்தால் காத்திருக்கக் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தும் மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் வரலாம். கூச்சத்தால் மறைக்கப்படும் அறிகுறிகள் இவையே.

5. மனநலம்: நோய் திரும்புமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அயோத்தியாப்பட்டணம் பகுதியில்

சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர் சாலையில் அமைந்த அயோத்தியாப்பட்டணத்தையும் அதன் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்தவர்களுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னைக்குச் செல்பவர்கள், மருத்துவமனை தரும் சான்றிதழைக் கொண்டு ரயிலில் புற்றுநோயாளர் சலுகை பெறலாம். சிகிச்சைக்கு மட்டுமன்றி, மறுபரிசோதனைக்குச் செல்லும் பயணத்துக்கும் இது பொருந்தும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளுடன் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கின்றன.

முடிவெடுக்கும் உரிமை

பல வீடுகளில் மருத்துவ அறிக்கை கணவரிடமோ மகனிடமோ இருக்கிறது. சிகிச்சை பெற்ற பெண்ணுக்குத் தம் நோயின் பெயரே சொல்லப்படுவதில்லை. கணவர் இறந்தாலோ, மகன் வெளியூர் சென்றாலோ மறுபரிசோதனை நின்றுபோகிறது. ஆகவே அறிக்கையின் ஒரு நகல் அப்பெண்ணிடமே இருக்க வேண்டும். நோய் முற்றி, தாமே பேச இயலாத நிலை வந்தால் எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும்.