ஈரக்குளிரும் பனிக்குளிரும்: புதுக்கோட்டை ஜில்லாவில் ஜனங்கள் காத்துக்கொள்ள வேண்டிய விதம்

குளிரினால் மனிதர் உயிரிழப்பது வடநாட்டிலும் மலைப்பிரதேசங்களிலும் மட்டுமே நிகழக்கூடியது என்னும் எண்ணம் புதுக்கோட்டை ஜில்லாவின் குடியானவர்களிடையே பொதுவாக இருந்து வருகிறது. உதகமண்டலத்தில் தை மாதத்து விடியற்காலையில் புல்தரையின்மேல் உறைபனி படிவதையும், பஞ்சாபிலும் டில்லியிலும் குளிரலை வீசுவதையும் பத்திரிகைகளில் வாசிப்போர், வெயிலுக்குப் பெயர்போன இந்த ஜில்லாவில் அத்தகைய பயம் இல்லையென்று கருதுவது இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் பாதியளவே உண்மையாகும். உறைபனி இங்கு விழுவதில்லை; ஆனால் உடலின் உஷ்ணத்தைப் பறிப்பதற்கு உறைபனி அவசியமன்று. நனைந்த துணியும், வீசும் காற்றும், காலி வயிறும் ஒன்றுசேருமாயின், 20 டிகிரி உஷ்ணநிலையிலுங்கூட ஒருவருடைய உயிருக்கு அபாயம் நேரக்கூடும்.

இதற்குச் சான்று வெகுதூரத்தில் இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய கரைகளிலிருந்து பாக் நீரிணையைக் கடந்தால் இலங்கையின் வட மாகாணம். 2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் 'மாண்டஸ்' என்னும் புயல் இலங்கைக்குக் கிழக்கே கடல்வழியாக வந்து, 9-ந் தேதி இரவு மாமல்லபுரத்தின் அருகே கரை கடந்தது. அந்நாட்களில் இலங்கையின் வட, கிழக்கு மாகாணங்களில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்து அடித்தன. மேய்ச்சல் வெளிகளில் ஒதுங்க இடமின்றி நின்ற மாடு, எருமை, ஆடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சில நாட்களுக்குள் மாண்டுபோயின. திடீரென வந்த குளிரின் தாக்குதலே அதற்குக் காரணம் என்று அங்குள்ள அதிகாரிகள் கண்டனர். அங்கும் உறைபனி விழவில்லை. தடித்த தோலும், தீனி செரிக்கும்போது உடலினுள்ளே பிறக்கும் உஷ்ணமும் உடைய பிராணிகளே இவ்வாறு மடியுமாயின், நனைந்த புடவையுடன் காலைமுதல் நடவு வயலில் நிற்கும் மனிதருடைய நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

வெப்பமானி காட்டாத குளிர்

இந்திய வானிலை ஆய்வுத் துறையார் சமவெளிகளில் குளிரலை என்று அறிவிப்பதற்கு, இரவின் மிகக் குறைந்த உஷ்ணநிலை 10 டிகிரி சென்டிகிரேடுக்கோ அதற்குக் கீழோ இறங்கி, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். கடற்கரைப் பிரதேசங்களுக்கு 10 டிகிரிக்குப் பதிலாக 15 டிகிரி என்பது கணக்கு. புதுக்கோட்டையில் மார்கழி, தை மாதத்து விடியற்காலைகளில் உஷ்ணநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். சில நாட்களில் அதற்குக் கீழும் இறங்கும். ஆகையால் குளிரலை அறிவிப்பு இந்த ஜில்லாவுக்கு வருவது அரிது. அறிவிப்பு வராமையினால் அபாயமும் இல்லையென்று முடிவு செய்வதே தவறு. வெப்பமானி காற்றின் உஷ்ணத்தை அளக்கிறதேயன்றி, நனைந்த உடலினின்றும் வெளியேறும் உஷ்ணத்தை அளப்பதில்லை.

மண்பானையில் வைத்த தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதைக் குடியானவர் அறிவர். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாக மாறும்போது உள்ளே இருக்கும் உஷ்ணத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணம் செலவாகிறது. நனைந்த துணியை உடுத்தியவரின் உடல் அந்தப் பானையை ஒத்தது. காற்று வீச வீசக் குளிர்ச்சி மிகும். முழங்கால் அளவு சேற்றுநீரில் நிற்பவருக்கு மற்றொரு வழியிலும் உஷ்ணம் போகிறது. ஏனெனில் அசையாத காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்தவல்லது.

மனித உடலின் சாதாரண உஷ்ணம் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாய நிலை தொடங்குகிறது. உடல் நடுங்குவது உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்வதற்காகவே. ஆனால் நடுங்குவதற்கும் உணவாகிய விறகு வேண்டும். வெறும் வயிற்றோடு வேலைக்கு வந்தவரிடத்தில் அந்த விறகு விரைவில் தீர்ந்துவிடும்.

இரண்டு பருவங்கள்

இந்த ஜில்லாவில் குளிர் இரண்டு வேஷத்தில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் மார்கழியின் முற்பகுதியிலும் வடகிழக்குப் பருவமழையோடு வருவது ஈரக்குளிர். நடவு, களையெடுப்பு, வரப்பு அடைப்பு, கண்மாய்க் கரைக் காவல் யாவும் இக்காலத்தவை. வயலில் இறங்குவோரில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களிலும் வயது ஐம்பதைக் கடந்தோர் பலர்.

மழை ஓய்ந்து வானம் தெளிந்தபின் வருவது பனிக்குளிர். மேகமில்லாத இரவில் பூமி பகலில் வாங்கிய உஷ்ணத்தை விரைவாக வெளியே விட்டுவிடுவதால் விடியற்காலம் மிகக் குளிர்கிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்னும் பழமொழி இதனை உணர்ந்தே ஏற்பட்டது. கீரமங்கலம் வட்டாரத்தில் பொழுது புலருமுன் பூப்பறிக்கச் செல்வோரும், கிடை காப்போரும், கதிர்க்காவல் இருப்போரும் இக்குளிருக்கு இலக்காகின்றனர். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வெளியே நெற்குவியலைக் காத்து இரவு முழுவதும் திறந்த வெளியில் படுத்திருக்கும் நிலச்சொந்தக்காரரும் இவ்வரிசையில் சேர்ந்தவரே என்பதை மறக்கலாகாது.

சந்தடியின்றிச் செய்யும் கேடு

உடல் விறைத்து இறப்பது அபூர்வம். குளிர் செய்யும் கேட்டில் பெரும்பங்கு வேறு நோய்களின் பெயரால் நிகழ்கிறது. குளிரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தம் உறையும் தன்மையும் மிகுகிறது. ஆகவே மாரடைப்பும் பக்கவாதமும் மார்ச்சளியும் பனிக்காலத்தில் அதிகரிக்கின்றன.

13 தேசங்களில் நேர்ந்த ஏறக்குறைய 7.4 கோடி மரணங்களை ஆராய்ந்து 2015-ம் வருஷத்தில் வைத்திய நிபுணர்கள் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 7.3 மரணங்களுக்குக் குளிரும், 0.4 மரணங்களுக்கு மட்டுமே வெயிலும் காரணமாயிருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை கடுங்குளிரினால் அல்ல, மிதமான குளிரினாலேயே நேர்ந்தவை. இந்தியாவில் 2001 முதல் 2013 வரை நேர்ந்த மரணங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2018-ல் வெளியான ஆராய்ச்சியும், மிதமான குளிர் இருதய நோய், பக்கவாதம், சுவாச நோய் ஆகியவற்றின் வாயிலாகப் பலரைக் கொண்டுபோகிறதென்று காட்டுகிறது. ஆதலால் "இது என்ன குளிர்?" என்று அலட்சியம் செய்யும் பிரதேசமே அதிக ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய பிரதேசமாகும்.

அறிகுறிகளும் முதலுதவியும்

கட்டுக்கடங்காத நடுக்கம், விரல்கள் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், காரணமில்லாத தூக்கக் கலக்கம் ஆகியவை அபாயத்தின் அறிகுறிகள். உடல் குளிர்ந்தே இருக்க நடுக்கம் மட்டும் நின்றுபோவது குணமடைந்ததன் அடையாளமன்று. நிலைமை முற்றியதன் அடையாளம். இத்தகையவரைக் குடித்திருக்கிறார் என்று எண்ணி ஒதுக்கிவிடுவது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

முதலில் அவரைக் காற்றுப்படாத இடத்திற்குக் கொண்டுபோய், ஈரத் துணியை முற்றிலும் நீக்கி, உடலைத் துவட்டி, தலை உட்பட உலர்ந்த கம்பளியால் மூடவேண்டும். வெறுந்தரையில் கிடத்தாமல், வைக்கோல் பரப்பி அதன்மேல் பாயிட்டுக் கிடத்த வேண்டும். தெளிந்த நினைவும் விழுங்கும் சக்தியும் இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கைகால்களை அழுத்தித் தேய்ப்பதும், கொதிக்கும் நீரை ஊற்றுவதும், நெருப்பின் அருகே கிடத்துவதும் கூடா. மது கொடுப்பது பெருந்தவறு. அது தோலின் இரத்தக்குழாய்களை விரியச் செய்து, உஷ்ணம் வந்ததுபோன்ற மயக்கத்தைத் தந்து, உள்ளிருக்கும் உஷ்ணத்தையும் வெளியேற்றிவிடும். நினைவு தப்பினாலும், நடுக்கம் நின்றாலும், மார்வலி கண்டாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்.

கணப்புச் சட்டியினால் வரும் விபத்து

குளிருக்கு அஞ்சி, கதவும் சன்னலும் அடைத்த அறையில் கரியடுப்பையோ தணல் நிறைந்த சட்டியையோ வைத்துக்கொண்டு உறங்குவோர் மீண்டும் எழாமற் போவதுண்டு. கொடைக்கானல் முதலிய மலையூர்களில் இவ்விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. கனிந்த கரியிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை தெரியாமையால் அபாயம் இல்லையென்று நம்பலாகாது. கணப்பு மூட்டுவதாயின் வீட்டிற்கு வெளியே, கூரைக்கும் வைக்கோற்போருக்கும் எட்டத்தில் மூட்டி, படுக்கப் போகுமுன் நீரூற்றி அணைத்துவிட வேண்டும்.

நிலமுடையோர் செய்யத்தக்கவை

1. நடவு நாட்களில் வயலுக்கு அருகே நாற்புறமும் காற்றை மறைத்த ஒரு கொட்டகை போட்டு, மாற்றுத்துணி வைத்துக்கொள்ள அதில் உலர்ந்த இடம் ஒதுக்கவேண்டும்.

2. வேலை தொடங்குமுன் சூடான கஞ்சியும், இடையில் சுக்குக் காப்பியும் அளிக்கவேண்டும். குளிர்ந்த நீராகாரம் மழைநாளுக்கு ஏற்றதன்று.

3. சாக்குக் கொங்காணி விரைவில் நனைந்து உஷ்ணத்தை இழுக்கும். சாக்கின் மேற்புறத்தில் பிளாஸ்டிக் தாளை வைத்துத் தைத்துக் கொடுத்தால் மழை உள்ளே இறங்காது. சொற்பச் செலவே ஆகும்.

4. காற்றும் மழையும் ஒருங்கே வலுக்கும்போது வேலையை நிறுத்தவேண்டும். அன்றைக்குரிய கூலியைக் குறைக்காமலிருந்தால்தான் வேலையாட்கள் கரையேறத் துணிவர். கூலி போய்விடும் என்ற அச்சமே பலரைச் சேற்றில் நிறுத்தி வைக்கிறது.

5. காவலுக்கு ஒருவரைத் தனியே விடாமல் இருவராக அனுப்பி, தரையினின்று உயர்ந்த பரணும், கம்பளியும், தலைமூடியும் தரவேண்டும்.

6. இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ள முதியோர் விடியுமுன் குளிர்ந்த நீரில் ஸ்நானம் செய்வதையும், மருந்தைத் தவறவிடுவதையும் தவிர்க்கவேண்டும்.

7. பிறந்த குழந்தையைப் பனிநேரத்தில் குளிப்பாட்டாமல், தலையை மூடித் தாயின் மார்போடு உடல் படும்படி அணைத்து வைத்திருப்பது சிறந்த பாதுகாப்பு. எடை குறைந்த சிசுக்களுக்கு இது இன்றியமையாதது.

8. ஆடுமாடுகளுக்கு மழைச்சாரல் படாத தொழுவமும், உலர்ந்த தரையும், வழக்கத்தைவிடச் சற்று அதிகமான வைக்கோலும் தேவை.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த 'கஜா' புயல், மேற்கே திரும்பி இந்த ஜில்லாவின்மேல் வந்து அடித்தது. தென்னையும் பலாவும் சாய்ந்த நஷ்டத்தை ஆலங்குடி வட்டாரத்தார் இன்றும் மறக்கவில்லை. கூரை பறந்தும் ஓடு உடைந்தும் போன வீடுகளில், மின்சாரமின்றி, நனைந்த துணியோடு இரவைக் கழித்த குடும்பங்கள் அநேகம். ஒதுக்கிடம் இழந்த ஜனங்களுக்கு அரிசியைப் போலவே உலர்ந்த துணியும் அவசரத் தேவை என்பது அப்புயல் கற்பித்த பாடமாகும்.

ஆகவே கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் புரட்டாசி மாதத்திற்குள் மூன்று ஜாபிதாக்களைத் தயாரித்து வைப்பது நலம். முதலாவது, ஒழுகும் கூரையுடைய வீடுகள். இரண்டாவது, தனித்து வாழும் முதியோர், கைக்குழந்தையுடைய தாய்மார், நெடுநாள் நோயாளிகள். மூன்றாவது, ஒதுங்குவதற்கு ஏற்ற பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் முதலிய கட்டிடங்களும், அங்கே வைத்திருக்கும் பாய், கம்பளி, மாற்றுத்துணி, விறகு ஆகியவற்றின் அளவும். இரண்டாவது ஜாபிதாவின் பிரதி ஒன்றைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்து வைத்தால், மழை இரவில் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பதில் தாமதம் நேராது.

மேற்கூறியவற்றில் அதிகப் பணச்செலவு உள்ளது எதுவுமில்லை. விதையையும் உரத்தையும் மழைக்கு முன்பே வாங்கி உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்தும் குடியானவர், அவ்விதையை நடும் கைகளுக்கும் ஓர் உலர்ந்த துணியையும் ஒரு வேளைச் சூடான கஞ்சியையும் அதே முன்யோசனையோடு ஆயத்தம் செய்வாராயின், இந்த ஜில்லாவில் குளிரினால் வரும் கேட்டில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம்.