சிறுகலமும் சமநிலையும்

திருகோணமலை நகரை அடுத்த பாலையூற்றிலே வாழ்வோர்க்குக் கடலின் இரு முகங்களும் பழக்கமானவை. உட்டுறைமுகம் குன்றுகளால் அரண் செய்யப்பெற்று அமைதியாய்க் கிடக்கும். கோணேசர் மலைக்கு அப்பாலுள்ள கடலோ வாடைக்காலத்திலே ஆர்த்தெழும். உள்ளே அசையாது மிதந்த வள்ளம் வெளியே சென்றதும் தத்தளிப்பது ஏன்? அமைதி நீரில் ஆடாதிருத்தல் ஒன்று. அலைநடுவே கவிழாதிருத்தல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே இடர் தொடங்குகின்றது.

கலத்தின் பாரம் அதன் ஈர்ப்பு மையத்தினூடாகக் கீழ்நோக்கித் தாக்கும். நீரின் மேலுதைப்போ அமிழ்ந்த பகுதியின் மையத்தினூடாக மேல்நோக்கித் தாக்கும். கலம் சாயுங்கால் அமிழ்ந்த பகுதியின் உருவம் மாறுதலால், மேலுதைப்பு சாய்ந்த பக்கத்துக்கு நகர்கின்றது. அது பாரத்தின் கோட்டைக் கடந்து அப்பால் நிற்குமாயின் கலம் நிமிரும். பாரம் அதனையும் கடந்து சாய்ந்துவிடின் கலம் கவிழும். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதனைக் கணித முறையாக விளக்கினார். வள்ளத்தில் ஒருவர் எழுந்து நிற்றல் ஈர்ப்பு மையத்தை உயர்த்துதலால் தீங்காகும். உள்ளே தேங்கிய நீரும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடிச் சாய்வை மிகுவிக்கும்.

அகலம் மிகுந்தால் நிலைபேறு மிகும் என்பதை நம் கரையோர மக்கள் ஏட்டுக் கல்வியின்றியே உணர்ந்தனர். சிங்கள மீனவரின் 'ஒருவ' என்னும் ஒடுங்கிய தோணிக்கு ஒரு பக்கத்தே மிதவைக் கட்டையொன்று இரு கைமரங்களாற் பிணைக்கப்படும். காற்று மிகுந்தால் மீனவர் கைமரத்தின்மீது ஏறிப் பாரத்தை ஈடுசெய்வர். தமிழரின் கட்டுமரமோ உட்குழிவு அற்றது. மேலேறிய நீர் மரங்களின் இடைவெளியால் வடிந்துவிடும். ஆதலின் நீர் நிரம்பி அமிழ்வதில்லை.

எனினும் அகலத்துக்கும் ஓர் எல்லையுண்டு. அலையின் நீர்ப்பரப்பே சரிவாயிருத்தலால், அகன்ற தட்டையான கலம் அச்சரிவுக்கு இயையத் தானும் சாயும். வடதுருவத்து இனுவிட் மக்களின் 'கயாக்' என்னும் ஒடுங்கிய தோற்படகோ அமைதி நீரில் ஆடுவது. ஆயினும் அலைச்சரிவு அதனை அத்துணை எளிதிற் சாய்ப்பதில்லை. அதன் ஓட்டுநர் தாழ அமர்ந்து, இடுப்பைத் தளர்த்தி, படகு ஆடினும் உடலை நிமிர்த்தி வைப்பர். பக்கத்தே அலை மோதுங்கால் அலையின் பக்கமே சாய்ந்து, துடுப்பின் தட்டையான பகுதியை நீர்மீது ஊன்றுவர். அஞ்சி எதிர்ப்பக்கம் சாய்பவரை அலை புரட்டிவிடும்.

ஆகவே அணியத்தை அலைக்கு எதிர்முகமாக வைத்தலும், பாரத்தைத் தாழ வைத்தலும், தேங்கும் நீரை உடன் இறைத்தலும், அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றாமையும் எக்கலத்துக்கும் பொதுவிதிகளாம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலே இழுவைப்படகொன்று கவிழ்ந்து, பாடசாலைச் சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். அது நிகழ்ந்தது ஆழ்கடலில் அன்று, களப்பு நீரிலேயாம். நீரைக் கடந்தே பள்ளி செல்லும் சிறார் வாழும் இம்மாவட்டத்திலே, மிதத்தலின் விதிகள் தேர்வுக்காக மட்டும் கற்கப்படுவன அல்ல.