கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? பழைய கார் வாங்கும் முன் ஒரு வார்த்தை



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்ட கேள்வி இது. ஊறுகாயும் பொடியும் சந்தைக்குக் கொண்டு போக பழைய கார் ஒன்று வாங்கப் போறாங்க. குழுவில் கடனுக்குத் தீர்மானமும் எழுதியாச்சு. வீட்டுக்காரர் "கியர் வண்டிதான் வண்டி" என்கிறார். மகளோ "ஆட்டோமேட்டிக் வாங்கும்மா, உன் ஸ்கூட்டி மாதிரி சுலபம்" என்கிறாள். எதை வாங்குவது?

கியர் வண்டியில் மூன்று பெடல். இடது காலால் கிளட்சை மிதித்து, கையால் கியர் மாற்றணும். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல் இல்லை, பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும்தான். இரண்டையும் வலது காலால் மட்டுமே மிதிக்கணும், இடது கால் சும்மா இருக்கணும். பிரேக்கை விட்டாலே வண்டி மெல்ல நகரும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக்கிலும் பல வகை உண்டு. நம் கைக்கு எட்டுகிற விலையில் பழைய சந்தைக்கு வருவது பெரும்பாலும் ஏ.எம்.டி. என்கிற வகை. 2014இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் சின்ன கார்களில் இது பரவியது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இதில் பெடல்தான் இல்லையே தவிர கிளட்ச் இருக்கு! கியர் வண்டியில் உள்ள அதே மாதிரி கியர் பெட்டி, அதே மாதிரி கிளட்ச் பிளேட். நாம் காலால் செய்யும் வேலையை ஒரு கருவி செய்யுது, அவ்வளவுதான். அதனால் பிளேட்டும் தேயும், அந்தக் கருவியும் பழுதாகும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்து ஓட்டியிருந்தால் சீக்கிரமே தேயும்.

கருவி பழுதானால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் ஒர்க்ஷாப்புக்குத்தான் போகணும். கியர் வண்டியின் கிளட்சை மாற்ற பக்கத்து ஊர் மெக்கானிக் போதும். பேட்டரி இறங்கினாலும் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றாலும் தவணை நிற்காது இல்லையா?

விலையும் பாருங்க. புது வண்டியிலேயே அதே மாடலில் ஏ.எம்.டி.க்கு ஏறக்குறைய 50,000 ரூபாய் கூடுதல். பழைய வண்டியிலும் அந்த வித்தியாசம் ஓரளவு தொடரும்.

என்னைக் கேட்டால், முதல் பழைய வண்டிக்குக் கியர் வண்டியே நல்லது. அதில் கற்றவர் பிறகு எதையும் ஓட்டலாம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியும் எடுத்துட்டுப் போவார். ஆனால் இடது முழங்கால் வலி உள்ளவங்க, நெரிசலில் தினமும் தனியா ஓட்டப் போறவங்க, ஆட்டோமேட்டிக் வாங்குவதில் தப்பே இல்லை. "பொம்பளைக்குத்தான் ஆட்டோமேட்டிக்" என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஓட்டப் போவது நீங்க.

கியர் வண்டி பார்க்கும்போது ஒரு சோதனை. சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடச் சொல்லுங்க. இன்ஜின் திணறி உடனே நின்றுவிட்டால் கிளட்ச் நல்லாயிருக்கு. நிற்காமல் ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது, விலையில் குறைக்கணும். மேட்டில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டாலும், கருகின வாடை வந்தாலும் அதேதான்.

ஏ.எம்.டி. என்றால் காலையில் இன்ஜின் சூடாகும் முன்பே போய்ப் பாருங்க. சாவி போட்டதும் எரியும் எச்சரிக்கை விளக்குகள் வண்டி ஸ்டார்ட் ஆனபின் அணையணும். முன்னாலும் பின்னாலும் பலமுறை மாற்றி ஓட்டணும். கியர் மாறும்போது லேசா ஒரு தயக்கம் இந்த வகைக்கு இயல்பு. தூக்கிப் போட்டால், கியர் விழ மறுத்தால் விட்டுடுங்க. பல ஏ.எம்.டி. வண்டிகளில் நிறுத்தி வைக்க 'பி' என்ற நிலை கிடையாது, ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் நிறுத்தணும். அதையும் மேட்டில் சோதியுங்க.

லைசென்ஸ் விஷயம்: ஸ்கூட்டிக்கு எடுத்தது காருக்குச் செல்லாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆகவே வண்டி தேடும்போதே எல்.எல்.ஆர். போட்டுடுங்க.

நம்ம உறுப்பினர் இந்த ஞாயிறு இரண்டு வண்டி பார்க்கப் போறாங்க. விற்கிறவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம், நமக்குத் தெரிந்தவரையே கூட்டிட்டுப் போங்க, அவர் கூலியையும் கடன் கணக்கில் சேர்த்து எழுதுங்க என்று சொல்லி அனுப்பியிருக்கோம்.