கண்டனக் குரலும் அதன் சமூக நிபந்தனைகளும்: இலங்கை முஸ்லிம் சமூகமும் தீவிரவாத எதிர்ப்பும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பு நட்சத்திர விடுதிகளிலும் நிகழ்த்தப்பட்ட தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து, முஸ்லிம்கள் ஏன் தம்முள் இருந்த தீவிரவாதத்திற்கு எதிராகக் குரல் எழுப்பவில்லை என்ற வினா பரவலாக எழுப்பப்பட்டது. அவ்வாறு குரல் எழவேயில்லை என்பதை முன்முடிபாகக் கொண்ட வினா அது. வரலாற்று நிகழ்வுகளை நோக்குமிடத்து அம்முடிபு பொருந்தாது என்பது தெளிவாகும்.

தாக்குதலின் சூத்திரதாரியான சஹ்ரான் ஹாசிம் காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவரது வன்மத்திற்கு முதலில் இலக்கானோர் அதே ஊரைச் சேர்ந்த சூஃபி மரபினரே. 2017 மார்ச் 10இல் அலியார் சந்தியில் அவரது குழுவினர் இம்மரபினருடன் வாள்களோடு மோதினர். பாதிக்கப்பட்டோர் முறையிட்டனர், நடவடிக்கை கோரி ஆர்ப்பாட்டம் செய்தனர். சஹ்ரான் தலைமறைவானார். அவரைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்னரே புலனாய்வுத் துறையினருக்கு எச்சரித்திருந்ததாக இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் உபதலைவர் ஹில்மி அஹமட் பின்னர் ஊடகங்களுக்குத் தெரிவித்தார். குரல் இருந்தது, கேட்க வேண்டிய செவி இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து முன்கூட்டியே கிடைத்த தகவலையும் மீறித் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் உயரதிகாரிகளும் நட்டஈடு வழங்க வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இக்குரலை முரண்பாடற்ற ஒன்றாகச் சித்திரிப்பதும் தவறாகும். 1979இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, காத்தான்குடியின் அப்துர் ரஊஃப் மௌலவியையும் அவரைப் பின்பற்றியோரையும் மதம் மாறியோர் எனத் தீர்ப்பளித்தது. 2004இலும் 2006இலும் அவ்வூரில் சூஃபி மரபினர்க்கு எதிராக வன்முறைகள் வெடித்தன. தாக்குதலின் பின் பயங்கரவாதத்தைக் கடுமையாகக் கண்டித்த மதத்தலைமை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கருத்து வேறுபாட்டை மதநீக்கத்தால் எதிர்கொண்டது. குண்டுவெடிப்பைக் கண்டிப்பது எளிது. மாற்றுக் கருத்தாளனின் வாழும் உரிமையை ஏற்பதே கடினம். முன்னதை மட்டும் செய்து பின்னதைச் செய்யாத கண்டனம் குறைபாடுடையதே.

இக்கருத்துநிலை மாற்றத்திற்குப் பொருளியல் அடித்தளம் ஒன்று உண்டு. 1977இன் திறந்த பொருளாதாரத்தைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளுக்கான உழைப்பு ஏற்றுமதி பெருகியது. அங்கிருந்து பணத்துடன், உள்ளூர் வழக்கங்களைப் புறந்தள்ளும் ஒரு மதவிளக்கமும் வந்தது. மறுபுறம், 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றமை போன்ற கொடுமைகள், தமிழ் பேசும் மக்கள் என்ற பொது அடையாளத்தைச் சிதைத்து மத அடையாளத்தை இறுக்கமாக்கின.

2019 தாக்குதலின் பின் முஸ்லிம் மக்களின் எதிர்வினை சொல்லளவில் நிற்கவில்லை. தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களைத் தமது மையவாடிகளில் அடக்கம் செய்ய இடமளிப்பதில்லை என உலமா சபை அறிவித்தது. ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த குழுவினர் அகப்பட்டது, ஊர் மக்கள் வழங்கிய தகவலினாலாகும். கெக்கிராவையை அடுத்த மடாட்டுகமவில் தீவிரவாதக் குழுவினர் பயன்படுத்திய பள்ளிவாசலை அவ்வூர் முஸ்லிம்களே இடித்தகற்றினர்.

இதற்குக் கிடைத்த பதில் யாது? மே 13ஆம் திகதியை ஒட்டி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பேரினவாத நெருக்குதலின் மத்தியில் ஜூன் 3இல் முஸ்லிம் அமைச்சர்கள் யாவரும் பதவி விலகினர். கண்டித்தவனையும் கண்டிக்கப்பட்டவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது பேரினவாதத்தின் இயல்பு. அந்நிலையில் கண்டனம் என்பது அறத்தின் வெளிப்பாடாக இருந்த நிலை மாறி, உயிர்ப் பாதுகாப்பிற்குச் செலுத்தும் கப்பமாகிவிடுகின்றது. உள்ளிருந்து விமர்சிப்போனும் துரோகியாகக் காட்டப்படுகின்றான்.

வன்னி மண்ணில் வாழும் தமிழர்க்கு இது புரியாத நிலையன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அன்று தமிழ்ச் சமூகத்தில் எழுந்த எதிர்ப்புக் குரல்கள் மிகச் சிலவே. அச்சம் அதற்கு ஒரு காரணம். எல்லாத் தரப்பு வன்முறைகளையும் விமர்சித்த ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். ஆயின் அச்சம் மட்டுமே காரணமன்று. இனம் என்ற பெயரில் அமைந்த மௌனச் சம்மதமும் ஒரு காரணமாகும். அம்மௌனத்தைக் கொண்டு தமிழர் அனைவரையும் குற்றவாளிகளாக்குவதை நாம் ஏற்கமாட்டோம். அதே அளவுகோலை முஸ்லிம் மக்களுக்கும் பொருத்துவதே நேர்மையாகும்.

ஆகவே முற்போக்குச் சக்திகளின் கடமை, முஸ்லிம்களிடம் விசுவாசச் சான்றிதழ் கோருவதன்று. அச்சமூகத்தினுள் மதவெறியை எதிர்த்து நிற்கும் சூஃபி மரபினர், பெண்கள், எழுத்தாளர், உழைப்பாளர் ஆகியோர் அச்சமின்றிப் பேசும் சூழலை உருவாக்கத் துணைநிற்பதே அக்கடமை. அதற்கான தகுதியைப் பெறுவதற்கு, வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்திற்காகவும் காணி உரிமைக்காகவும் நாம் குரல் கொடுத்தல் வேண்டும்.